ஆட்டத்தை முடித்துவிட்டுப் போனவளுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவன் பெங்களூரிலிருந்து வந்தபோது கையில் ஒரு அட்டைப் பெட்டி வைத்திருந்தான். கூடத்தில் உட்கார்ந்து பிரித்தான். பிரித்ததும் குப்பென்று ஒரு வாடை. புது ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. ஷூ கம்பெனியில் தோலை ஒட்டுவதற்கு ஒரு பசை வைத்திருப்பார்களே, சொல்யூஷன் என்று, அதை நீ பத்து விரலிலும் பூசிக்கொண்டு வருவாயே, கிட்டத்தட்ட அந்த வாடை. எழுந்து புறக்கடைக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

ஆம்பூர்க்காரிக்கு வாடை ஒரு பேஜாரா என்று நீ சிரிப்பாய். தோல் பதனிடுகிற ஷாப்புத் தண்ணி ஓடுகிற கால்வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் சோறு தின்றிருக்கிறேன். அது குமட்டினதில்லை. இது குமட்டியது.

பெட்டிக்குள் இருந்தது டி.வி.யில் மாட்டுகிற கேம். "யம்மா, அந்தக் காலத்து கேம் எல்லாம் இதுக்குள்ள ஏத்தி விக்கறாங்க. நம்ம டேங்க் கேம் கூட இருக்கு. இப்ப வர்ற கேமெல்லாம் கண்ணுக்குத்தான் அழகு. பழசுல இருக்கற ஜாலி அதுல வராது" என்றான். அவன் மகள் கைத்தட்டினாள். மருமகள் காப்பி டம்ளரோடு வந்து நின்றாள். எல்லார் முகத்திலும் ஏதோ கோயிலுக்கு வந்த மாதிரி ஒரு பக்தி. ஒரு டி.வி. ஆட்டத்துக்கு இவ்வளவு பக்தியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

திரை வந்தது. அதே கறுப்பு. அதே செங்கல் சுவர்கள். கீழே நடுவில் அதே கோட்டை. அதன் இரண்டு பக்கத்திலும் இரண்டு பீரங்கி வண்டி. மேலேயிருந்து எதிரி வண்டிகள் ஒன்றொன்றாக இறங்கி வரும், எல்லாவற்றையும் சுட வேண்டும், கோட்டை மேல் ஒரு குண்டு பட்டால் ஆட்டம் போச்சு. அவ்வளவுதான். வேறு ஒரு மண்ணும் இல்லை. எத்தனை கேவலமான படம் அது! வண்டி என்று பேர், பார்த்தால் உடைந்த பிஸ்கட் துண்டு. பாட்டு என்று ஒன்று, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. இதையா நாம் இரண்டு பேரும் உலை வைத்ததையும் மறந்து உட்கார்ந்து ஆடினோம்?

உனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கு ஆறும்.

குடியாத்தம் பக்கம் வாழப்போன நீ ஒரு பையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாய். உன் வீட்டுக்காரன் அறைந்ததில் இடது காது கேட்காமல் போயிருந்தது. உன் அண்ணன் உன்னை வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு நாத்தனாரை வீட்டோடு வைத்துக்கொள்ள இஷ்டமில்லை, அதை நான் மறைக்கவும் இல்லை. நான் துணி காயப்போடுகிற கயிற்றில் உன் ஈரப் புடவையைப் போடுவாய். குழம்பில் எனக்குத் தெரியாமல் புளி ஜாஸ்தி கரைப்பாய். வாசலில் நின்று தலை சீவி முடியைக் காற்றில் விடுவாய். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. செத்துப்போனாய் என்பதற்காக ஒன்றையும் தள்ளுபடி செய்யமாட்டேன்.

பிறகு உனக்கு ஷூ கம்பெனியில் வேலை கிடைத்தது. தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்டுகிற வேலை. நான் வீட்டில் பீடி சுற்றினேன். காலையில் பேசாமல் போவாய், சாயங்காலம் பேசாமல் வருவாய். இரண்டு பேருக்கும் நடுவில் உன் அண்ணன் தபால்காரர் மாதிரி. "உப்பு கம்மின்னு சொல்றா." "கம்மின்னா போட்டுக்கச் சொல்லுங்க."

அந்தச் சமயத்தில்தான் அவர் லாங் பஜாரிலிருந்து பெரியவனுக்கு அந்த டி.வி. கேமை வாங்கி வந்தார். அவன் கொஞ்ச நாள் ஆடினான், பிறகு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை நீ தனியாக அதை எடுத்து வைத்து ஆடிக்கொண்டிருந்தாய். நான் பீடி இலை நறுக்கிக்கொண்டே பார்த்தேன். நீ எதிரியைத் துரத்திக்கொண்டு மேலே போனாய், இங்கே கோட்டை போனது. மறுபடி ஆரம்பித்தாய், மறுபடி போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கண்ணு இருக்குதா இல்லியா? வீட்ட தொறந்து போட்டுட்டு எங்க ஓடற?"

"ஒருத்தியா எத்தினி பக்கம் பாக்கறது? அவ்ளோ அக்கற இருந்தா வந்து காவல் இரு அண்ணி."

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன் கேட்கிற காது பக்கம், வலது பக்கம், உட்கார்ந்தேன். கத்திப் பேசத் தேவையில்லையே என்றுதான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம்முடையது. கோட்டை என் பொறுப்பு, வெளியே போய்ச் சண்டை போடுவது உன் வேலை. அதுவும் சண்டையில்தான் முடியும். நம் வண்டியை நம் ஆளே சுட்டால் சாகாது, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நாம் எதிரியைச் சுட்டதைவிட ஒருத்தியை ஒருத்தி சுட்டதுதான் ஜாஸ்தி.

"கோட்டைய பாத்துக்கோன்னா எங்க சுத்தற அண்ணி?"

"நீ மட்டும் ஊர் சுத்துவ, நான் வாசல்லயே குந்திக்கினு இருக்கணுமா? உங்கண்ணன் கட்டிக்குடுத்த கோட்டையா இது?"

"எங்கண்ணன் கட்டியிருந்தா மொத மழைக்கே இடிஞ்சிருக்கும்."

உள்ளேயிருந்து அவர் குரல் கொடுப்பார். "இன்னாடி, என் பேரு அடிபடுது?"

"உங்க பேரு அடிபடல. உங்க தங்கச்சிதான் அடிபடப் போறா" என்று சொல்லி உன்னைச் சுடுவேன். நீ ஐயோ என்று கத்துவாய். நின்ற இடத்தில் உன் வண்டி நிற்கும், எதிரி வந்து அதைப் பொசுக்குவான், நான் தலை திருப்பமாட்டேன். அடுத்த ஆட்டத்தில் நீ வட்டியோடு திருப்பித் தருவாய். வாரம் முழுக்க ஒருத்திக்கொருத்தி சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அந்தத் திரையில் தீரும். தீர்ந்த பிறகு ஒரே தட்டில் பொரி போட்டுத் தின்போம்.

சுடுகிற பட்டன் எத்தனை நாள் தாங்கும்? உன் ரிமோட்டில் அது உடைந்து உள்ளே விழுந்தது. தீக்குச்சி வைத்துப் பார்த்தாய், நிற்கவில்லை. மூலையில் கிடந்த பழைய செருப்பை எடுத்து வந்து, "இதுல ஒரு துண்டு வெட்டி மடிச்சி ஒட்டட்டா அண்ணி?" என்று கேட்டாய்.

"கால்ல போட்டத கையில குடுக்கறியா? மேல சாமி படம், கீழ டி.வி. செருப்புத் தோலு அந்தப் பக்கம் வந்துச்சுன்னா உன் ரிமோட்ட அடுப்புல வெச்சிடுவேன்."

"சரி, கம்பெனி தோலு? அது இன்னும் யார் காலும் படாதது."

"அது சுத்தம்" என்றேன். நான் சொன்னதில் என்ன தப்பு? இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

கம்பெனியில் உன் மேஜைக்கு அடியில் விழுந்து கிடக்கிற வெட்டுத் துண்டு, சாயங்காலம் கூட்டி டிரம்மில் கொட்டுகிறது, அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு எடுத்தாய். அப்படியே மடியில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். உன் கை சும்மா இருக்குமா? சாப்பாட்டு நேரத்தில் பசை தடவி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினாய், ஓரத்தைச் சீவி மெலிதாக்கி உள்ளே மடித்தாய், சுத்தியால் தட்டினாய். ஷூ மாதிரியே ஒரு பட்டன். அதை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்தாய். கேட்டில் பொம்பளைகளைத் தடவிப் பார்த்து, பாக்ஸைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள், அது உனக்குத் தெரியாதா?

வெறும் துண்டாக இருந்திருந்தால் இரண்டு திட்டோடு விட்டிருப்பார்கள். உன் சூப்பர்வைசர் சொன்னதை நீயே வந்து சொன்னாய். "வேஸ்ட்டுன்னா வேஸ்ட்டா இருக்கணும்மா. இது ஒட்டி இருக்கு, மடிச்சி இருக்கு, தட்டி இருக்கு. இது கம்பெனி சரக்கு." எதற்கு என்று கேட்டிருக்கிறான். டி.வி. கேம் பட்டனுக்கு என்று நீ உண்மையைச் சொல்லியிருக்கிறாய். அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். இந்த வயதில் ஒருத்தி கேம் ஆடுவாளா, பொய் சொல்கிறாள், கும்பலோடு சேர்ந்து கடத்துகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த வாரமே வேலை போனது.

அந்தச் சூப்பர்வைசரை அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். எனக்கு இலையை மூடிவிட்டு எழுந்து வரத்தான் தோன்றியது, வந்தும்விட்டேன்.

வேலை போன சேதி குடியாத்தம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாம் ஆடிக்கொண்டிருந்தபோது உன் வீட்டுக்காரனும் அவன் அம்மாவும் வந்து நின்றார்கள். உடைந்த பட்டனுக்குப் பேனா மூடியைச் செருகி வைத்து நீ ஆடிக்கொண்டிருந்தாய். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினாய். திரையில் வண்டிகள் எல்லாம் அப்படி அப்படியே நின்றன.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். காதை உடைத்தவன் கால்மேல் கால் போட்டு உட்காருகிறான், அதற்கு நான் காப்பி போட வேண்டும். போட்டேன். சர்க்கரை போடவில்லை.

அவன் அம்மா ஆரம்பித்தாள். "நடந்தது நடந்துபோச்சு. புருஷன் பொண்டாட்டின்னா ஒரு கை ஓங்கறதுதான். வேலயும் இல்ல, திருட்டுன்னு பேரும் ஆயிடுச்சு. இனிமே அண்ணன் வீட்டுல எத்தினி நாளைக்கு? நாங்க கூட்டிக்கினு போறோம்."

உன் அண்ணன் தரையைப் பார்த்தார். எப்போதும் தரையைத்தான் பார்ப்பார், அதில் என்ன எழுதியிருந்ததோ. "அவ இஷ்டம்..." என்று இழுத்தார்.

நான் சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். "அவ எங்கயும் வரமாட்டா. எம்பூட்ல அவளுக்குச் சோறு இருக்குது. நாளைக்கே நான் பீடி சுத்தக் கத்துக் குடுத்துடுவேன். ஒடச்ச காதுக்குப் பதில் சொல்லிட்டு அப்பறம் கூப்புடுங்க."

"நீ யாரும்மா? வந்தவ" என்றாள் அந்தக் கிழவி.

"வந்தவதான். வந்து இவகூட சண்ட போட்டே இத்தினி வருஷம் ஓட்டியிருக்கேன். உங்கள மாதிரி அடிச்சி அனுப்பல."

நீ என்னைப் பார்த்தாய். உன்னை ஏசியே பழகின வாய் உனக்காகப் பேசினதை நீ நம்பினாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை போதும். வரமாட்டேன் என்று ஒரே வார்த்தை.

"நான் போறேன் அண்ணி" என்றாய். "சம்பாரிச்சிக் குடுத்தவரைக்கும் உன்கூட சரிக்குச் சரி நின்னேன். இனிமே உன் சோத்தத் தின்னுட்டு உன்ன எதுத்துப் பேச முடியுமா என்னால?"

யார் உன்னை எதிர்த்துப் பேசாதே என்றது? பேசேன், தின்றுவிட்டுப் பேசேன்! என் தொண்டை வரைக்கும் வந்தது. அவர்கள் முன்னால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று விழுங்கினேன்.

நீ பையை எடுத்து வைத்தாய். அவர்கள் எழுந்தார்கள். நீ கிளம்பவில்லை. "இருங்க, இத முடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி டி.வி. முன்னால் உட்கார்ந்தாய். என் ரிமோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினாய். "வா அண்ணி."

நான் சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றேன். வரவில்லை. என் பேச்சைத் தட்டிவிட்டுப் போகிறவளோடு எனக்கு என்ன ஆட்டம்?

நீயே தனியாக ஆரம்பித்தாய். என் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, மூன்று தரம் பிறந்து மூன்று தரமும் சும்மா நின்றே செத்தது. நீ அன்றைக்கு வெளியே போகவே இல்லை. கோட்டைக்கு முன்னால் நின்று, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வந்தவனையெல்லாம் பேனா மூடியாலேயே சுட்டாய். உன் வீட்டுக்காரன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தான். அவன் அம்மா, "இன்னா பொம்பள இவ" என்று முணுமுணுத்தாள். கடைசி வண்டியும் போனது. கோட்டையில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை. நீ சுவிட்சை அமர்த்தினாய், முகம் கழுவினாய், போனாய்.

ஒரே ஒரு தடவை அங்கே வந்து உன்னைப் பார்த்தேன். கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாய். நான் வந்ததை நீ கேட்கவில்லை, கிட்டே வந்து தோளைத் தொட்டதும்தான் திரும்பினாய். "இங்கயும் டி.வி. இருக்குது அண்ணி. சுடத்தான் ஆள் இல்ல" என்று சிரித்தாய். மற்ற காதும் மங்கிவிட்டதா என்று கேட்டேன். நீ பாத்திரத்தைக் கவிழ்த்தாய். வந்துவிடு என்று நான் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை. ஒருமுறை எல்லார் முன்னாலும் கூப்பிட்டாயிற்று. உனக்கு வழி தெரியும்.

அதற்கப்புறம் சில வருஷத்தில் ஆள் வந்து உன் சாவுச் சேதி சொன்னது. மஞ்சள் காமாலை என்றார்கள். வந்து பார்த்தேன். அந்தக் கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டு, "நல்லாத்தான் வெச்சிருந்தோம்" என்றாள்.

"நல்லா வெச்சிருந்தா, பொம்பள மஞ்சளானது இந்த வீட்டுல ஒருத்தர் கண்ணுலயும் படலியா?" என்று கேட்டேன். சாவு வீட்டில் இப்படியா கேட்பது என்று நாலு பேர் என்னை வெளியே இழுத்தார்கள். வெளியே நின்றும் கேட்டேன்.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் பெரியவன் அந்தப் பெட்டியை வாங்கி வந்திருக்கிறான். "அத்த ஞாபகமா ஒரு ஆட்டம் ஆடலாம்மா" என்றான். எனக்கு ஆட இஷ்டமில்லை. ஆனால் இந்தப் பழசு நிஜமாகவே நல்லா இருந்ததா, இல்லை நாம்தான் பைத்தியமாக இருந்தோமா என்று தெரிந்துகொள்ள ஒரு அரிப்பு. உட்கார்ந்தேன். அவன் உன் வண்டியை எடுத்துக்கொண்டான்.

கை மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல் தானாக ஓடியது. ஆனால் எரிச்சல் அடங்கவில்லை. ஏன் என்று பார்த்தேன். திரையில் ஏதாவது நல்லது வந்தால், உயிர் கூடுகிறது, குண்டு கூடுகிறது என்று, அவன் ஒதுங்கி நின்று, "எடுத்துக்கோம்மா" என்றான். எதிரி என் பக்கம் திரும்பினால் ஓடி வந்து குறுக்கே நின்றான். ஒருமுறை வேண்டுமென்றே அவனைச் சுட்டேன். "பரவால்லம்மா" என்றான். பரவாயில்லையாம்! மறுபடி சுட்டேன். "நல்லா சுடறீங்க அத்த" என்று மருமகள் பாராட்டினாள். கிண்ணத்தில் பப்பாளி வெட்டி வைத்துப் பக்கத்தில் நகர்த்தினாள். எனக்கு அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம் வந்தது.

"ஆயா, ஜாலியா இருக்கா?" என்றாள் பேத்தி.

"இல்ல" என்றேன். "நாறுது. எடுத்துட்டுப் போங்க."

"பழைய கேம்னா அப்படித்தான் ஆயா, பழகப் பழக நல்லா இருக்கும்" என்றாள். அவள் அப்பன் என் முகத்தைப் பார்த்தான். "அத்த இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அவ இருந்திருந்தா இந்நேரம் உன்ன ஒக்கார வெச்சிச் சுட்டிருப்பா. பரவால்லன்னு சொல்ற வாயில போட்டிருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பழைய கேம் இப்போது ஆட நல்லா இருக்கிறதா என்று ஊரெல்லாம் பேசிக்கொள்கிறார்களாம், பெரியவன் சொன்னான். என்னைக் கேட்டால் சொல்வேன். அது அப்போதும் நல்லா இல்லை, இப்போதும் நல்லா இல்லை. குப்பைப் படம், குப்பைப் பாட்டு. அதற்குள் ஒரு சுகமும் இல்லை, இருந்தால் போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்திருக்கும். அந்தக் குப்பையை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னை மதிக்காமல் சுட்டாள், நானும் அவளைச் சுட்டேன், அது மட்டும்தான் அங்கே இருந்தது. அதை எந்தப் பெட்டியில் ஏற்றி விற்பார்கள்?

உன் அண்ணனும் போய்விட்டார். இந்த வீட்டில் இப்போது என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. புளி எவ்வளவு என்று கேட்டுத்தான் கரைக்கிறார்கள். நான் தப்பாகச் சொன்னால்கூடச் சரி அத்தை, சரிம்மா, சரி ஆயா. வாய் ஓயாமல் இருந்த எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. எதிரே நின்று முடியாது என்று சொன்னவள் நீ ஒருத்திதான். அதையும் உன் உயிரையே கொண்டுபோகிற விஷயத்தில் போய்ச் சொல்லிவிட்டாய்.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சாமி கும்பிடும்போது, செத்தவர்களை மன்னிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டம்மா சொல்கிறாள். அவளுக்கென்ன தெரியும்? உலை கொதிக்கும்போதும் உன்னை ஏசுகிறேன், துணி காயப்போடும்போதும் ஏசுகிறேன். ஏன்டி போன என்று கேட்கிறேன். ஒருநாள் இந்தக் கோபமும் ஆறிப்போய்விட்டால், உன்னோடு பேச எனக்கு வேறே இன்னா இருக்கிறது?